வெடிப்புக்குள் இருக்கும் தவளை

காரியாபட்டிப் பக்கம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா இல்லையா?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்காங்க" என்று பதில் வரும். வெளியூர்க்காரர் புலி, யானை என்று எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பருத்திக்கோ உளுந்துக்கோ களையெடுக்கப் போயிருக்கிறார். மானாவாரி நிலத்துக்குத்தான் இங்கே காடு என்று பெயர். கம்பங்காடு, சோளக்காடு, பருத்திக்காடு. மண்ணைப் பொறுத்துக் கரிசக்காடு, செவக்காடு. மரமடர்ந்த மலைக்காட்டைப் பார்க்க வேண்டுமானால் மாவட்டத்தின் மேற்குக் கோடிக்குப் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கு 1988-இல் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அந்த மலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. விருதுநகர் மாவட்டத்தில் காட்டுயிர் என்று பேச்செடுத்தால் பேச்சு நேராக அந்த மலைக்கு ஏறிவிடும். காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்றால், "இங்க என்னங்க இருக்கு, வெயிலும் வேலிக்கருவையும்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

காட்டுயிர் என்ற சொல்லை இந்த ஊர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு பார்த்தால் என்ன? கம்பங்காட்டில், கம்மாய்க்கரையில், பஸ் ஸ்டாண்டு வேம்பில், வீட்டுக் கொல்லையில் இருக்கிற உயிர்கள். பார்க்க டிக்கெட் வேண்டாம், ஜீப் வேண்டாம். எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

பஞ்சாங்கத்துக்கு ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஜூனில். இந்தக் காட்டுக்கு ஐப்பசியில் பிறக்கிறது என்பதே என் கணக்கு. இங்கே ஓர் ஆண்டில் பெய்வது ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள், கொட்டித் தீர்த்துவிடும். அதுவும் தினம் ஒரு தூறல் என்று பிரித்துப் பெய்யாது. நாலைந்து புயல் சின்னங்களை நம்பித்தான் கம்மாய் நிறைய வேண்டும். ஒரு வருஷம் கம்மாய் மறுகால் பாயும், அடுத்த வருஷம் கிரிக்கெட் விளையாடலாம். குளிரும் வெப்பமும் பருவத்தைத் தீர்மானிக்கும் நாடுகள் உண்டு. இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது தண்ணீர், அதுவும் வாக்குத் தவறும் தண்ணீர். இந்த மண்ணில் வாழும் ஒவ்வொரு உயிரையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் பார்க்கிறேன்: மழைக்கு இது என்ன வழி வைத்திருக்கிறது?

முதல் பெருமழை விட்ட சாயங்காலத்தில் அந்தக் கேள்விக்கு விடை கூட்டமாக வரும். டீக்கடை டியூப்லைட்டைச் சுற்றி ஈசல். கடைக்காரர் லைட்டை அணைத்துவிட்டு, வாசலில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அதன் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார். ஊருக்கு ஊர் இருக்கும் தந்திரம் இது. சில வீடுகளில் இன்னும் ஈசலைப் பிடித்து, காயவைத்து, இறகு புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்கிறார்கள். கொழுப்பும் புரதமும் நிறைந்த பண்டம், தின்னாதவர்தான் முகம் சுளிப்பார்.

ஈசலும் கரையானும் ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியும். மழைக்கு முன்பே அவை இறகு முளைத்துத் தயாராகிவிடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. வேலைக்காரக் கரையான்களுக்கு இறகும் இல்லை, இனப்பெருக்கமும் இல்லை. ஆண்டில் ஒரு முறை புற்று தன் வாரிசுகளை இறகோடு வளர்க்கிறது. அவை புற்றின் அறைகளுக்குள் முழு வளர்ச்சியோடு மழைக்காகக் காத்துக் கிடக்கும். மழை பெய்து, மண் நனைந்து, காற்று அடங்கிய அந்தப் பொழுதில் வேலைக்காரர்கள் வாசலைத் திறந்துவிட, ஒரே நேரத்தில் ஊர்ப் புற்றுகள் எல்லாம் வெளியே கொட்டும்.

ஏன் ஒரே நேரத்தில்? காரணம் மூன்று. ஈசலின் உடல் மெலிதானது, வறண்ட காற்றில் சீக்கிரம் உலர்ந்து செத்துவிடும். அடுத்து, புதுப் புற்று தொடங்க மண்ணைத் தோண்ட வேண்டும், காய்ந்த கரிசலைக் கடப்பாரையாலேயே குத்த முடியாது. மூன்றாவது காரணம் எனக்குப் பிடித்தது. கரிச்சான், காகம், பருந்து, பல்லி, தேரை, எறும்பு, ஆந்தை என்று ஊரே சாப்பிட வந்தாலும், வயிறு என்று ஒன்று உண்டல்லவா? எல்லோர் வயிறும் நிறைந்த பிறகும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். நாளுக்குப் பத்தாக வெளியே வந்தால் பத்தும் போய்விடும். ஒரே நாளில் லட்சமாக வந்தால் சில ஜோடிகளாவது தப்பும். போதாததற்கு, வேறு வேறு புற்றுகள் ஒரே பொழுதில் பறந்தால்தான் அயலில் பெண்ணோ மாப்பிள்ளையோ கிடைக்கும்.

மறுநாள் காலையில் வாசலைக் கூட்டும்போது குவியும் இறகுகளைப் பாருங்கள். நான்கும் ஒரே நீளம். அவை பிய்ந்தவை அல்ல. இறகின் அடியில் கிழிப்பதற்கென்றே ஒரு கோடு உண்டு, ரசீதுப் புத்தகத்தில் ஓட்டைபோட்ட கோடு மாதிரி. தரையிறங்கியதும் ஈசல் தானே இறகை உதிர்த்துவிடும். பிறகு பெண் முன்னே நடக்க, ஆண் அதன் பின்புறத்தைத் தொட்டபடியே போகும். ஈரமண்ணில் இரண்டும் சேர்ந்து குழி பறித்து உள்ளே மூடிக்கொண்டால், ராணி அதன் பிறகு வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. சில நாள் கழித்துப் புற்றடியில் காளான் பூக்கும். அதுவும் கரையான் வீட்டுப் பயிர்தான். தின்ற இலைதழையை எரு போல அடுக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து உண்ணும் விவசாயி அது. நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான், அந்தப் பூஞ்சை வெளியே நீட்டும் குடை. பாம்புக்குப் புற்று வாடகையில்லா வீடு, அவ்வளவுதான். கட்டியது கரையான்.

இதே மழைக்குச் செவக்காட்டில் இன்னொன்றும் வரும். ரத்தச் சிவப்பில், வெல்வெட் துணியில் தைத்ததுபோல, மிளகு அளவில் மெதுவாக நடக்கும். பட்டுப்பூச்சி என்று பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் பிடித்து வைப்பார்கள். பூச்சி என்று சொன்னாலும் எட்டுக் கால், சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. சங்க இலக்கியத்தில் இதற்கு மூதாய் என்று பெயர். குஞ்சாக இருக்கும்போது வெட்டுக்கிளி போன்றவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். வளர்ந்த பிறகு ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழித்துவிட்டு, மழை விட்ட சில நாள் மட்டும் மேலே வந்து இரையும் துணையும் தேடும். அந்தச் சிவப்பு, "என்னைத் தின்னாதே, கசப்பேன்" என்னும் அறிவிப்பு. அதனால்தான் இவ்வளவு பளிச்சென்று இவ்வளவு மெதுவாக நடக்க முடிகிறது.

அன்றிரவு கம்மாய்ப் பக்கம் தூங்க முடியாது. தவளைச் சத்தம். எட்டு மாதமாக ஒரு தவளைகூடக் கண்ணில் படாத இடத்தில் ஆயிரம் தவளை எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் ஆடு மேய்க்கும் ஒரு தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன்.

"மழையோடதான் விழுகுது அப்பு. ஆண்டவன் மேல இருந்து கொட்டுறான்."

"அப்ப மழை முடிஞ்சதும் எங்க தாத்தா போகுது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மண்ணுக்குள்ள போயிரும்" என்றார்.

பாதி விடை தவறு, பாதி சரி. போகும் இடம் சரியாகச் சொன்னவர், வரும் இடத்தை வானத்துக்கு மாற்றிவிட்டார். தவளைகளில் சில இனங்களுக்குப் பின்னங்காலின் அடியில் மண்வெட்டி போலக் கெட்டியான ஒரு மேடு உண்டு. முன்னே பார்த்தபடி உட்கார்ந்து, பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்புறமாகவே பூமிக்குள் இறங்கும். பந்து போல உருண்டை உடம்பும் சின்ன வாயுமாக ஒரு தவளை உண்டு. தொட்டால் இன்னும் உப்பிக்கொள்ளும். கரையானும் எறும்பும் அதன் சாப்பாடு. கோடை முழுவதும் ஈரம் மிஞ்சிய ஆழத்தில் அசையாமல் கிடக்கும். மூச்சும் இதயத்துடிப்பும் குறைந்து, செலவைச் சுருக்கி, சிறுநீர்ப்பையில் உள்ள தண்ணீரையே உடம்புக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு நாளைக் கடத்தும்.

கரிசல் மண் இதற்குத் தோதானது. இந்த மண்ணின் களித்துகள் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் கோடையில் காடு பாளம் பாளமாக வெடிக்கிறது, கை நுழையும் வெடிப்பு. சில இடங்களில் ஒரு மண்வெட்டிக் கணை உள்ளே போகும். விவசாயிக்கு அது மேல்மழையை உள்ளே இறக்கும் வாய்க்கால். தேளுக்கும் சுருட்டை விரியனுக்கும் தேரைக்கும் தவளைக்கும் அதுவே தாழ்வாரம். மேலே வெயில் கொளுத்தும்போது இரண்டடி கீழே நிலைமை வேறு.

மழை இறங்கியதும் இவை வெளியே பாய்வதற்கு அவசரம் உண்டு. குட்டையில் இட்ட முட்டை தலைப்பிரட்டையாகி, கால் முளைத்து, வால் போவதற்குள் குட்டை வற்றிவிடக் கூடாது. பெரிய கம்மாய்க்குள் முட்டையிட்டால் தண்ணீர் நிற்கும், மீன் தின்றுவிடும். சின்னக் குட்டையில் மீன் இல்லை, தண்ணீர் நிற்காது. இந்தச் சூதாட்டத்தைத் தவளை முதல் இரண்டு மூன்று இரவுகளிலேயே ஆடி முடிக்கிறது. அந்த நாள்களில் பகலில் போனால் பெரிய தவளைகளில் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளில் நிற்பதைப் பார்க்கலாம், தொண்டையின் இருபுறமும் நீலப் பை. கூட்டம் கலைந்ததும் மஞ்சள் மங்கிப் பழைய பாசிநிறம் வந்துவிடும். ஒரு காலத்தில் இந்தத் தவளையின் கால் வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கப்பலேறியது. 1987-இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது.

குட்டைத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் முகந்து வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் சின்ன அதிசயம் கிடைக்கும். நகத்தளவு, கண்ணாடி போன்ற உடல், இறால் மாதிரி இருக்கும், மல்லாந்து நீந்தும். ஓடில்லாத இறாலினம் இது, மழைக்குட்டைதான் அதன் உலகம். சில வாரங்களில் வளர்ந்து, முட்டையிட்டு, செத்துவிடும். அந்த முட்டைகள் வெடித்த மண்ணோடு மண்ணாக, வெயிலில் காய்ந்து, காற்றில் தூசாகப் பறந்துகூட ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழைக்குக் குட்டை நிரம்பியதும் அத்தனை முட்டையும் பொரிந்துவிடும் என்று நினைத்தால் தவறு. ஒரு பங்கு பொரியும், மற்றவை பொரியாமல் அப்படியே இருக்கும். முதல் மழையோடு வானம் கைவிட்டால் பொரிந்தவை செத்தாலும் வம்சம் மண்ணுக்குள் மிச்சமிருக்கும். மானாவாரிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதல் விதைப்பு கருகிப்போனால் மறுவிதைப்புக்கு என்று குலுக்கையில் ஒரு பங்கை வைத்திருந்த ஊர் இது. அதே கணக்கைக் கடுகைவிடச் சின்ன முட்டைக்குள் இயற்கை எழுதிவைத்திருக்கிறது.

இது மண்ணுக்குள் இருந்து காத்திருப்பவர்கள் வழி. இன்னொரு வழியும் உண்டு. இங்கே தண்ணீர் இல்லையென்றால், எங்கே இருக்கிறதோ அங்கே போவது.

புரட்டாசி, ஐப்பசியில் களத்துமேட்டிலும் ரோட்டோரத்திலும் கூட்டம் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டானைப் பார்த்திருப்பீர்கள். வாலில் நூல் கட்டிப் பறக்கவிடாத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது (பாவம்தான், நானும் செய்திருக்கிறேன்). தட்டான் தாழப் பறந்தால் மழை என்று சொல்வார்கள். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. இந்தத் தட்டான் மழை கொண்டுவரும் காற்றிலேயே சவாரி செய்கிறது. பின்னிறகின் அடி மற்றத் தட்டான்களுக்கு இருப்பதைவிட அகலம், இறகடிக்காமல் பாய்மரம் போல மிதக்கலாம். அது முட்டையிடுவதும் மழைக்குட்டையில்தான். குஞ்சு ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து, இறகு முளைத்து, அடுத்த மழையைத் தேடிப் புறப்பட்டுவிடும்.

மாலத்தீவில் வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தத் தீவுகளில் நிலத்தின் மேல் நன்னீர்க் குளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் லட்சக்கணக்கில் தட்டான்கள் வந்திறங்குகின்றன. எங்கிருந்து? அவர் ஆண்டுக்கணக்காகத் தேதிகளைக் குறித்துவைத்தார். இந்தியாவின் தென்கோடியில் முதலில் தென்படும், பிறகு மாலத்தீவின் வடக்கே, பிறகு தெற்கே, அதற்கும் பிறகு சீஷெல்ஸ், கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்கா. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து, இந்தியப் பெருங்கடலையே அவை கடக்கின்றன என்று 2009-இல் எழுதினார். போய்த் திரும்பும் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கலாம், முடிக்க நான்கு தலைமுறை ஆகும் என்பது அவருடைய மதிப்பீடு. இங்கே முட்டையிட்டது ஒன்று, அங்கே இறந்தது இன்னொன்று, திரும்பி வருவது பேரனோ கொள்ளுப்பேரனோ. கிராம் கணக்குக்குள்ளேயே வராத எடை. நம் பிள்ளைகள் நூல் கட்டியது ஒரு கடலோடிக்கு.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்க் கிடை போடுவதும் இதே கணக்குத்தான்: புல் எங்கே, தண்ணீர் எங்கே, எந்த மாதம். யாரும் அவர்களை வழிதவறியவர்கள் என்று சொல்வதில்லை.

கார்த்திகை, மார்கழியில் கம்மாய் நிறைந்திருந்தால் வேறு நாட்டுக்காரர்கள் வருவார்கள். கரையில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலாட்டிக் குருவி, சேற்றில் ஊசி போல அலகைக் குத்தும் உள்ளான், இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் நீலச்சிறகு வாத்து. அக்டோபரில் இரவோடு இரவாகத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி களைப்பில் வீட்டுத் தோட்டத்தில் விழுந்து கிடப்பதும் உண்டு. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். ஒன்பது நிறத்தில் ஒரு குருவி கொல்லையில் உட்கார்ந்திருந்தால் யாரோ வளர்த்தது என்றுதான் முதலில் தோன்றும்.

குண்டாறு திருச்சுழியைத் தாண்டிக் கமுதிப் பக்கம் இறங்குகிறது. அந்தத் திசையிலேயே போனால் முதுகுளத்தூர் வட்டாரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கம்மாய்கள். இரண்டும் பறவைகள் சரணாலயம், 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறின. கம்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மரம் வெள்ளையடித்த மாதிரி எச்சத்தால் வெளுக்கும், பொய்த்த ஆண்டில் கிளையில் ஒரு குச்சிகூட இருக்காது. பறவை கம்மாய்க்கு விசுவாசம் காட்டுவதில்லை, தண்ணீருக்குத்தான். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில், தீபாவளி வந்தாலும் பறவைகளுக்காக வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள் ஊர்க்காரர்கள். பட்டாசுக்குப் பேர்போன விருதுநகர் மாவட்டத்திலிருந்து இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தையில் சோளம் கதிர் பிடிக்கும்போது சூறைக்குருவிகள் வரும். சோளப்பட்சி என்றும் பெயர். மைனா இனம், உடம்பு ரோஜா நிறம், தலையும் இறக்கையும் கறுப்பு. பொருத்தமான பெயர் வைத்தவர் யாரோ, பொழுது சாயும் நேரத்தில் வேலிக்கருவைப் புதருக்கு மேலே கூட்டம் சுழல்வது நிஜமாகவே சூறைக்காற்றுதான். ஆயிரக்கணக்கில் பறந்தும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ரோம் நகரில் இவற்றின் உறவுக்காரப் பறவைக் கூட்டத்தைப் பல கேமராக்களால் படமெடுத்து 2008-இல் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றி ஆறேழு பேரை மட்டும் கவனித்து, அவர்கள் திரும்பினால் தானும் திரும்புகிறதாம். தலைவரே இல்லாத ஊர்வலம். காட்டுக்காரருக்கு அது கதிரைத் தின்னும் கூட்டம். மத்திய ஆசியாவில் அது கூடு கட்டும் நாட்டிலோ வெட்டுக்கிளிக்கு எமன். சீனாவின் ஷின்ஜியாங்கில் அதற்காகவே கூடு அமைத்துக்கொடுத்து வரவேற்கிறார்கள். ஒரே குருவிக்கு ஒரு நாட்டில் கவண்கல், இன்னொரு நாட்டில் வீடு.

அது இரவு தங்குவதும் வேலிக்கருவையில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டுக்குள் வந்த இந்த அமெரிக்கச் செடி கம்மாய்க்குள் புகுந்து நீர்ப்பிடிப்பையும் மேய்ச்சலையும் விழுங்கியது உண்மை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுவே அடுப்பெரிக்கிறது என்பதும் உண்மை. கவுதாரியும் மயிலும் அதற்குள் ஒளிந்துதான் பெருகுகின்றன. கம்மாய்க்குள் இருப்பதை வெட்டத்தான் வேண்டும். கரையில் நிற்கும் ஒரு கிழட்டுப் புதரை வெட்டும் முன் உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை குனிந்து பார்க்கலாம்.

மாசி, பங்குனியை எருக்கஞ்செடியின் முன்னால் கழியுங்கள். ஆரஞ்சு நிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். எருக்கம்பால் விஷம், புழு அதைத் தின்று தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் புழுவையோ அதிலிருந்து வந்த பூச்சியையோ தின்ற குருவி வாந்தியெடுத்து, ஆயுளுக்கும் அந்தப் பக்கம் போகாது.

சித்திரை, வைகாசியில் யாரும் வெளியே வர மாட்டார்கள், அதனாலேயே பார்க்க வேண்டும். ஆள்காட்டிக் குருவி அப்போதுதான் முட்டையிடுகிறது, அதுவும் வெட்டவெளியில், கூடே இல்லாமல். மண்ணாங்கட்டி போலவே புள்ளி போட்ட நாலு முட்டை. கத்திரி வெயிலில் கறுப்பு மண் எப்படிச் சுடும் என்பது செருப்பில்லாமல் நடந்தவருக்குத் தெரியும். மற்ற நாட்டுப் பறவைகள் அடைகாப்பது முட்டையைச் சூடாக்க. இங்கே அடைகாப்பது முட்டையை வேகவிடாமல் காக்க. உச்சிவெயிலில் தாய் உட்காராமல், இறகை விரித்து முட்டைக்கு மேலே நிழலாக நிற்கும். கம்மாய்க்கரை என்றால் போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்து, ஈரத்தோடு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே. நீங்கள் நெருங்கினால் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும், அதனால்தான் ஆள்காட்டி. அப்படிக் கத்தினால் இரண்டடி பின்வாங்கிவிடுங்கள், ஒரு காலடியில் நாலு முட்டை போய்விடும்.

அதே நாள்களில் பஸ் ஸ்டாண்டு வேம்பில் காகம் கூடு கட்டியிருக்கும், குயில் அதைச் சுற்றியே கூவும். கூவுவது கறுப்பு ஆண். முட்டையிடும் புள்ளிப் பெண்ணை அதே மரத்தில் பார்த்தும் யாரும் குயில் என்று ஒத்துக்கொள்வதில்லை. குயில் முட்டை பன்னிரண்டு பதினான்கு நாளில் பொரியும், காகத்தின் முட்டைக்கு அதைவிட இரண்டு மூன்று நாளாவது கூடுதல் தேவை. வித்தை முழுவதும் அந்த இடைவெளியில்தான். முந்திப் பிறந்தவனுக்கு முந்திச் சோறு.

கம்மாய் வற்றி நடுவில் சேறு மட்டும் மிஞ்சும்போது, ஊர்கூடி மீன்பிடிக்கும் நாள் வரும். ஊத்தாவும் கச்சாவுமாக ஜனம் இறங்க, கரையில் கொக்கும் நாரையும் வரிசையில் நிற்கும். பால் ஆமை சேற்றுக்குள் ஆழமாகப் புதைந்துகொள்வதும் அந்தச் சமயத்தில்தான். விராலும் குரவையும் காற்றையே சுவாசிக்கத் தெரிந்தவை, ஈரச்சேற்றிலும் நாள் கடத்தும்.

ஆடிக்காற்றில் வேப்பம்பழம் உதிரும். காகமும் மைனாவும் சதையைத் தின்று துப்பிய கொட்டையைப் பெண்கள் பொறுக்கி வேப்பமுத்து வியாபாரிக்குப் போடுவார்கள். ஆவணி முடிவதற்குள் மயில் தோகையை உதிர்க்கும். இணை சேரும் காலம் முடிந்த பிறகு அவ்வளவு நீளச் சுமை எதற்கு? உதிர்ந்த பீலியைப் பிள்ளைகள் நோட்டுக்குள் வைத்து, குட்டி போடும் என்று பென்சில் சீவலை இரை வைத்துக் காத்திருப்பார்கள். என் மூன்றாம் வகுப்பு நோட்டில் கடைசிவரை குட்டி போடவில்லை. பின்னால் தெரிந்துகொண்டது, அந்த நீலமே அங்கே இல்லை என்பது. பீலியை இடித்துப் பொடியாக்கினால் கிடைப்பது அழுக்குப் பழுப்பு. உள்ளே மெலனின் துணுக்குகள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளிதான் ஒளியில் நீலத்தை ஓரிடத்திலும் பச்சையை ஓரிடத்திலும் திருப்பி அனுப்புகிறது. சோப்பு நுரையில் வானவில் தெரிவதும் ஏறத்தாழ இதே கதை.

மயில் பெருகிவிட்டது. நிலக்கடலை விதைத்தவரிடமும் மக்காச்சோளம் போட்டவரிடமும் தேசியப் பறவையின் அழகைப் பற்றிப் பேசிப்பாருங்கள். சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பதால் விரட்ட மட்டுமே முடியும், முருகன் வாகனம் என்பதால் அதையும் மனசோடு செய்ய முடியாது. அவர்கள் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெருகும் பறவையை எல்லோரும் கவனிக்கிறார்கள், குறையும் பறவையை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் குறை. மின்கம்பியில் மண்நிறத்தில் சும்மா உட்கார்ந்திருந்து, பறந்ததும் நீலமாக வெடிக்கும் பனங்காடையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கை, அது பன்னிரண்டே ஆண்டில் 30 விழுக்காடு குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. பட்டுப்போன பனையின் பொந்தில் கூடு வைக்கும் பறவை அது. மொட்டைப் பனையைச் செங்கல் சூளைக்கு வெட்டும்போது நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த 30 விழுக்காட்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஆய்வுக்கூடத்திலிருந்து அல்ல. ஏறக்குறைய முப்பதாயிரம் பேர், பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கிறவர்களும், தங்கள் ஊரில் கண்ட பறவையைத் தேதியோடு குறித்து ஏற்றியவை. தமிழ்நாட்டில் பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் அதில் சேரும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதை எண்ணி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து பட்டியல் நிறையப் போகும். காரியாபட்டிக் கம்பங்காட்டிலிருந்து போகும் ஒரு சீட்டு அதைவிடப் பயனுள்ளது, ஏனென்றால் அங்கிருந்துதான் யாரும் அனுப்புவதில்லை.

காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இதை எழுத முடியாது. திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950-இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய பத்தியை 1996-இல் சாகும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் நிறுத்தாமல் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கையையும் ஓணானையும் பற்றி எழுதினார். ஓணான் என்றதும் சொல்ல வேண்டும்: தொண்டையில் விசிறி விரித்துக் காட்டி இணையை அழைக்கும் ஒரு சின்ன ஓணான் இந்த வறண்ட தரைகளில் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து அதில் ஒரு புது இனத்தை 2016-இல் விவரித்தவர்கள் அதன் அறிவியல் பெயரிலேயே "விசிரி" என்று நம் பனையோலை விசிறியை வைத்துவிட்டார்கள். இராமருக்குத் துரோகம் செய்தது என்று ஓணானைக் கல்லால் அடித்த தலைமுறையில் நானும் ஒருவன்.

போன புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தேன். மழை இன்னும் இறங்கவில்லை. காடு முழுக்க வெடிப்பு, தலைக்கு மேலே மஞ்சள் தட்டான்கள். வரப்போரத்து வெடிப்பு ஒன்றில் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே, மண்ணோடு மண்ணாக ஏதோ ஒன்று. முதலில் கட்டி என்றுதான் நினைத்தேன், பிறகு இரண்டு கண்கள் மின்னின. தேரையோ தவளையோ தெரியவில்லை. குச்சி ஒன்றை எடுத்து மெல்ல நகர்த்திப் பார்க்கலாமா என்று குனிந்தபோது, பக்கத்துக் காட்டுக்காரர் விதைப் பெட்டியோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி தேடுறீக?"

சொன்னேன். அவரும் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"விடுங்க, கிடக்கட்டும். அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார். பிறகு மேற்கே ஒரு தடவை பார்த்துவிட்டு, "நமக்கும்தேன்" என்று பெட்டியை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தார்.